நெல் மூடைகளுக்கு நடுவே

வீடு பார்க்கப் போன அன்று நான் முதலில் செய்த காரியம் கைதட்டியது. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை, அடுப்படியில் ஒருமுறை, மாடி அறையில் மூலைக்கு மூலை. வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அறுபதைத் தாண்டிய ஆள். நான் இறங்கி வந்ததும், "மேல புறா எதும் அடஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. எதிரொலி இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"ஆள் இல்லாத வீடுல்லா, அப்படித்தான் இருக்கும். சாமான் வந்தா சரியாப் போயிரும்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

என் வேலை புத்தகங்களைச் சத்தமாக வாசிப்பது. சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனம் நாவல்களை ஒலிநூலாக வெளியிடுகிறது. அவர்கள் புத்தகத்தை அனுப்புவார்கள். நான் வாசித்துப் பதிவுசெய்து திருப்பி அனுப்புவேன். ஒரு நல்ல மைக், மடிக்கணினி, ஹெட்போன், சத்தம் நுழையாத ஓர் அறை, இவை போதும். அறையைத் தவிர மற்றவை என்னிடம் இருந்தன.

சென்னையில் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தொங்குகிற சேலைகள் ஒலியை நன்றாக விழுங்கும், குரல் சுவரில் பட்டுத் திரும்பி வராது. அந்த வீடு என் கணவருடையது. நாங்கள் பிரிந்தபோது அலமாரி அவரிடமே இருந்துவிட்டது. பிரிந்ததைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்ததும் அவர் ஆட்டோ பிடித்தார், நான் பேருந்துக்கு நின்றேன். எங்கே இருந்தும் செய்யக்கூடிய வேலை என்பதால் எங்கே போவது என்பதை நானே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன்பு அப்படி ஒரு முடிவை நான் எடுத்ததில்லை.

கல்லூரியில் கூடப் படித்த தோழி ஒருத்தி அம்பாசமுத்திரத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். அவள்தான் சேரன்மகாதேவியில் இந்த வீட்டைச் சொன்னாள். ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஒரு சின்னத் தெரு, சுற்றிலும் வயல். "ஈ காக்கா சத்தம் இருக்காது. நீ பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்றாள்.

வீட்டுக்காரரும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். நான் வாடகைக்கு எடுத்த வீடு அவர்கள் மகனுக்காகக் கட்டியது. மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து அங்கேயே வீடு வாங்கிவிட்டான். வாடகை பேசும்போதே அண்ணாச்சி ஒன்று சொல்லிவிட்டார். கீழே கூடத்துக்குப் பின்னால் இருக்கிற உள்ளறை அவருக்கு வேண்டும், அறுப்புக்குப் பிறகு நெல் போட்டுவைப்பதற்கு. அது பூட்டியிருந்தது. எனக்கு மாடி அறை இருந்தால் போதும் என்று சொன்னேன்.

அவர் மனைவி அடுப்படிச் சன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். உயரமானவர், பேச்சு நேராக வரும்.

"தனியாவா இருக்கப் போறிய?"

"ஆமா ஆன்ட்டி."

"ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்புடாதிய. அவியள அண்ணாச்சின்னுட்டு என்னைய ஆன்ட்டின்னா எப்படி? மதினின்னு சொல்லுங்க." பிறகு சற்று நிறுத்தி, "ஒங்க வீட்டுக்காரரு வர மாட்டாரா?" என்றார்.

"வர மாட்டார்."

மதினி தலையை ஆட்டினார். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஒரு குடம் தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் சொதியும் வந்தன.

ஆவணியில் குடிவந்தேன். மாடி அறைச் சன்னல் மேற்கே பார்த்தது. சன்னலை ஒட்டி வயல்கள், வயல்களுக்கு அப்பால் வாய்க்கால் கரையின் தென்னைகள், அவற்றுக்குப் பின்னால் மலை. வேலை செய்யும் மேசையைச் சன்னலுக்கு எதிரே போட்டேன். எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் வீடுகளைப் பற்றிப் பத்திரிகையில் படங்கள் வரும், அவற்றில் மேசைகள் எல்லாம் சன்னலுக்கு எதிரேதான் இருக்கும். எனக்கும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன் போல. தரையில் கம்பளி விரித்து, மைக்கை நிறுத்தி, கம்பிகளைச் சொருகி, ஒரு பூந்தொட்டிகூட வாங்கி வைத்தேன்.

முதல் நாள் பதிவில் மயில் அகவியது. முதலில் ஒன்று, பிறகு அதற்குப் பதில் சொல்ல இன்னொன்று. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மயில்கள் ஓய்ந்ததும் வாய்க்கால் பக்கம் ஒரு டிராக்டர் வந்தது. டிராக்டர் போனதும் தென்காசிக்குப் போகும் ரயில். இரண்டு பக்கம்கூடச் சேர்ந்தாற்போல் வாசிக்க முடியவில்லை. மறுநாள் மதியத்தில் முயன்றேன். மதியத்தில் பக்கத்து வயலில் யாரோ ஒருவர் வரப்பில் உட்கார்ந்து ஃபோனில் பேசினார். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் என் பதிவில் தெளிவாக இருந்தது. அவருடைய மச்சினன் வேலையை விட்டுவிட்ட விஷயம் எனக்கும் தெரிந்துபோயிற்று.

சன்னலில் போர்வை தொங்கவிட்டேன். அதன் மேல் அட்டை வைத்து அடைத்தேன். மலையும் தெரியவில்லை, காற்றும் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

புரட்டாசியில் அறுவடை இயந்திரம் வந்தது. அது ஒரு வயலை முடித்து அடுத்த வயலுக்குப் போகும், நான் காத்திருப்பேன். அது ஒரு வழியாக ஊரை விட்டுப் போனதும், அறுத்த தாளடியில் மேய்ப்பதற்கு வாத்துக்காரர்கள் வந்தார்கள். ஒரு பெரிய வாத்துக்கூட்டம் என் சன்னலுக்குக் கீழே சில நாட்கள் இருந்தது. அந்த நாட்களில் அனுப்பிய ஓர் அத்தியாயத்தைக் கேட்டுவிட்டுச் சென்னையிலிருந்து தயாரிப்பாளர் அழைத்தார். சின்னப் பெண், மரியாதையாகப் பேசுவாள்.

"மேம், அந்த மரணப் படுக்கை சீன் இருக்குல்ல. அதுல பின்னாடி யாரோ கூட்டமா சிரிக்கிற மாதிரி இருக்கு."

"வாத்து."

"சாரி மேம்?"

"அது வாத்துங்க. திரும்ப வாசிச்சு அனுப்பறேன்."

"சரி மேம்" என்றாள். ஆனால் அடுத்து வரவேண்டிய புத்தகத்தை அவள் உடனே அனுப்பவில்லை. பாளையங்கோட்டையில் ஏதாவது அடுக்குமாடியில் நடு அறை ஒன்று கிடைக்குமா என்று தோழியிடம் விசாரிக்கச் சொன்னேன். ஒரு வீட்டிலிருந்து கிளம்புவது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஒருமுறை செய்தாயிற்று, இரண்டாவது முறை சுலபம் என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் நெல் வந்தது. காலையில் ஒரு லாரி வாசலில் நின்றது. சுமை தூக்குகிறவர்கள் மூடைகளை முதுகில் வாங்கி, கூடம் வழியாக உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணாச்சி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "பையப் போடுங்கவே, சாக்கு கிழிஞ்சிரப் போவுது." நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். எல்லாம் முடிந்து அவர்கள் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது, உள்ளறையில் ஃபோன் அடிக்கும் சத்தம் மெதுவாகக் கேட்டது. அண்ணாச்சி அதை ஒரு மூடை மேல் மறந்து வைத்திருந்தார். எடுக்க உள்ளே போனேன்.

சன்னல் இல்லாத அறை. மூன்று சுவர்களிலும் தலைக்கு மேல் வரை மூடைகள். நடுவில் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம். "அண்ணாச்சி, உங்களுக்கு ஃபோன்" என்று உள்ளே நின்றபடியே கூப்பிட்டேன். சொன்ன சொல் வாயை விட்டு வெளியே வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. எதிலும் படவில்லை, எங்கிருந்தும் திரும்பவில்லை. கைதட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் மட்டும் இருந்தது, அதன் பின்னால் ஒன்றும் இல்லை. வெளியே லாரி கிளம்பியது, அது ஏதோ தூரத்துச் சாலையில் போவதுபோல் இருந்தது. சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் ஒருமுறை வாசித்திருக்கிறேன். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்த அறை. அதைவிட இது நன்றாக இருந்தது.

ஃபோன் அடித்து ஓய்ந்துவிட்டது. அண்ணாச்சி வந்து வாசல்நடையில் நின்றார். "என்னம்மா, உள்ளயும் கைதட்டுதிய?"

"அண்ணாச்சி, இந்த அறையை எனக்குத் தருவீங்களா?"

அவர் முகம் மாறியது. "நான் மொதல்லயே சொன்னேம்லா. இது நெல்லுக்குன்னு. இப்பதான் அடுக்கி முடிச்சிருக்கு, அதுக்குள்ள மூடைய எடுக்கச் சொல்லுதியளே."

"எடுக்க வேண்டாம். மூட்டை அப்படியே இருக்கட்டும். நடுவில ஒரு நாற்காலியும் சின்ன மேசையும் போட்டுக்கறேன்."

"நெல்லுக்கு நடுவுலயா?"

"ஆமா."

"எதுக்கு?"

அப்போதுதான் என் வேலை என்னவென்று முழுதாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். புத்தகம் படிப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்பதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கடைசியில், "அந்து பறக்கும். எலி வரும். ஒடம்பெல்லாம் ஊறும். பொறவு என்னையச் சொல்லக் கூடாது" என்று சொல்லி மாற்றுச்சாவியைத் தந்தார்.

அவர் சொன்னதெல்லாம் நடந்தது. உமியின் தூசி முதல் வாரம் முழுக்கத் தும்மல் வரவழைத்தது. அந்துப்பூச்சிகள் மடிக்கணினியின் வெளிச்சத்துக்கு வந்து திரையில் உட்கார்ந்தன. பதிவின்போது மின்விசிறி ஓடக்கூடாது என்பதால், ஓர் அத்தியாயம் முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். அரை மணி வாசிப்பேன், கதவைத் திறந்துகொண்டு கூடத்தில் வந்து உட்காருவேன், மறுபடி போவேன். மாடியில் இருந்த மேசையைக் கீழே உள்ளறைக்குள் நுழைக்க முடியவில்லை, அதன் வாசல் குறுகல். ஒரு முக்காலியை வைத்துக்கொண்டேன். பூந்தொட்டி மாடியிலேயே இருந்தது. ஆனால் அனுப்பிய முதல் அத்தியாயத்துக்குச் சென்னையிலிருந்து, "மேம், எந்த ஸ்டூடியோ?" என்று செய்தி வந்தது. அடுத்த நாவலும் வந்துசேர்ந்தது. பெரிய நாவல். ஒரு குடும்பத்தின் கதை, ஏராளமான பேச்சு.

ஐப்பசி மழை தொடங்கியதும் தவளைகள் இரவெல்லாம் கத்தின. உள்ளறையில் அது கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் வீடு தேட வேண்டாம் என்று தோழிக்குச் சொன்னேன்.

தெருவில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. சென்னையிலிருந்து ஒரு பொம்பளை வந்திருக்கிறது, தனியாக இருக்கிறது, காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நெல் போட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. உள்ளே யாரோடோ பேசுகிறது. கதவோடு காதை வைத்தால்தான் கேட்கும். அப்படி வைத்துக் கேட்டவர்களும் இருந்திருக்கிறார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் முற்பகல். மழை விட்டிருந்தது. நாவலில் கஷ்டமான ஓர் அத்தியாயத்துக்கு வந்திருந்தேன். குடித்துவிட்டு வந்த கணவன் மனைவியை அடிக்கிறான். அவன் கத்துகிறான், அவள் கெஞ்சுகிறாள். பொதுவாக நான் நடித்து வாசிப்பதில்லை, குரலில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். இந்த நாவலுக்கு மட்டும் கொஞ்சம் உணர்ச்சியோடு வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டிருந்தாள். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை பாதியில் தொண்டை கட்டியது. மூன்றாவது தடவை குரலைத் தணித்துக் கரகரப்பாக அவனாகக் கத்தினேன், பிறகு அவளாக அழுதேன். "விட்டுருங்க, விட்டுருங்க" என்ற இடம் சரியாக வந்தது. சரியாக வந்ததில் கண்ணில் நீரும் வந்திருந்தது.

அப்போது கதவு இடிபட்டது. தட்டல் இல்லை, இடி.

"கதவத் தெறலே! தெறக்கியா, ஒடைக்கவா?"

மதினியின் குரல். நான் எழுந்து தாழ்ப்பாளை நீக்கினேன். முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டிக் கம்போடு மதினி நின்றார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி பெருக்குகிற வாரியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதினி என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார். மூடைகளின் இடுக்கில் எட்டிப் பார்த்தார்.

"எங்கன அவன்?"

"யாரு மதினி?"

"ஒங்கள அடிச்சானே, அவன்."

"யாரும் அடிக்கல. இங்க யாரும் இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணில் ஈரம். கையைப் பிடித்து, முழங்கை வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பயப்படாமச் சொல்லுங்க. வீட்டுக்காரரு வந்திருந்தாரா? வந்துட்டு ஓடிட்டாரா? கொல்லப் பக்கமாப் போயிருந்தாலும் பிடிச்சிருவோம்."

"மதினி, நான் கதை வாசிச்சுக்கிட்டிருந்தேன். அதுல வர்ற ஆளு."

எதிர்வீட்டுப் பெண் வாரியலை இறக்காமலே மெதுவாகச் சொன்னாள், "கோட்டி கீட்டி பிடிச்சிருக்குமோ மதினி?"

நான் மதினியை நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, பதிவைப் பின்னால் தள்ளி ஓடவிட்டேன். அவர் தொரட்டியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு கேட்டார். கணவன் கத்தும் இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். மனைவி அழும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றத் தெரியாமல் தலையைக் குனிந்து காட்டினார், நான் கழற்றினேன்.

"ஆம்பளக் கொரலும் நீங்கதானா?"

"ஆமா."

"எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டும்மா. இவ கதவுல காத வச்சுக் கேட்டுட்டு வந்து சொன்னா, கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தவ அப்படியே போட்டுட்டு ஓடியாறேன்."

எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் கேட்க வேண்டியிருந்தது. அவளும் கேட்டாள். பிறகு அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டாள். மதினி போகவில்லை. தொரட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. ஒங்க வீட்டுக்காரரும் இப்படித்தானா?"

"அடிக்க மாட்டார். கத்துவார்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

சென்னையில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சி போட்டால் எங்களுக்குக் கேட்கும். எனவே எங்கள் வீட்டில் நடந்ததும் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் லிஃப்டில் பார்க்கும்போது எப்போதும்போல் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடாமல் இருப்பதை அங்கே நாங்கள் எல்லோரும் மரியாதை என்று நினைத்திருந்தோம். அத்தனை வருடங்களில் ஒருவரும் வந்து கதவை இடித்ததில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, அன்றும் வரவில்லை. ஆனால் அன்று பிற்பகல் நான் வாசிக்கவில்லை. கூடத்தில் வெறும் தரையில் படுத்திருந்தேன். சாயங்காலம் எழுந்து, ஆய்ந்து போட்ட கீரையைக் கடைந்து மதினி கொடுத்தனுப்பியதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன்.

அதன்பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இப்படி அடிதடி, அழுகை வரும் நாளில் காலையிலேயே மதினியிடம் சொல்லிவிடுவேன். அவர் தெருவுக்குச் சொல்லிவிடுவார். சில நாள் அவரே வந்து உள்ளே உட்காருவார். வளையல் சத்தம் பதிவாகும் என்று சொன்னதால் கழற்றிக் கூடத்தில் வைத்துவிட்டு வருவார். மூடைமேல் சாய்ந்து, அசையாமல் கேட்பார். இருமல் வந்தால் கையைக் காட்டுவார், நான் நிறுத்துவேன்.

"கடசியில அவ அவன விட்டுட்டு வாராளா இல்லியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் இன்னும் முடிவைப் படிக்கல மதினி."

அது பொய். பதிவுக்கு முன்பே முழுப் புத்தகத்தையும் படித்துவிடுவேன். அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

தைப் பொங்கல் கழிந்ததும் நெல் விலை ஏறியது. நாவலில் மூன்றில் ஒரு பங்கு பாக்கி. அண்ணாச்சி வந்து நாளைக்கு லாரி வருகிறது என்றார்.

"கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா அண்ணாச்சி? ஒரே புத்தகம், பாதிக்கு மேல இந்த மூட்டைங்களோட வாசிச்சாச்சு. மூட்டை போயிட்டா குரல் வேற மாதிரி ஆயிடும். கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"நெல்லுக்கும் கதைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். கேலியாக இல்லை, உண்மையிலேயே கேட்டார். "மாசி கழிஞ்சா பிசான அறுப்பு வந்துரும். பழசக் காலி பண்ணாம புதுச எங்கன வைக்க?"

மதினி மதில்சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்தே, "அவிய கத முடியட்டும்" என்றார்.

"கத முடியுத வரைக்கும் வெல நிக்குமாட்டி?"

"எல்லாத்தையும் ஏத்தணும்னு யாரு சொன்னா? சாப்பாட்டு நெல்ல விட்டுட்டு ஏத்துங்க. வெதநெல்ல விட்டுட்டு ஏத்துங்க. அது ரெண்டும் எப்பவும் நம்ம வீட்டுலதான கெடக்கும். இந்த வருசம் அங்கன கெடக்கட்டும்."

இருவரும் கொஞ்ச நேரம் சுவருக்கு இருபுறமும் நின்று வாக்குவாதம் செய்தார்கள். நான் நடுவில் நின்று எந்தப் பக்கமும் பார்க்காமல் இருந்தேன். கடைசியில் அண்ணாச்சி, "சவத்த விடு, நீ சொல்லுதபடியே செய்வோம்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் லாரி வந்து பெரும்பாலான மூடைகளைக் கொண்டுபோயிற்று. மிச்சத்தை என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சுவர்போல் அடுக்கினார்கள். மற்ற பக்கங்கள் வெறுமையாக நின்றன. சொன்ன சொல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மதினி தன் வீட்டுப் பரணிலிருந்து மகன் கல்யாணத்துக்குச் செய்த இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கினார். இரண்டையும் ஒரு பக்கச் சுவரில் தூக்கி நிறுத்திச் சாய்த்தோம். ஒரு சுவர் இன்னும் பாக்கி. அதற்குக் கனமான ஜமுக்காளம் வாங்கலாம் என்று இருவரும் திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனோம்.

பேருந்தில் மதினிக்குத் தெரிந்த ஒரு பெண் முன் இருக்கையில் இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மதினியிடம், "இது யாரு, சொந்தமா?" என்று கேட்டாள்.

"நம்ம வீட்டுல இருக்காவ."

"என்ன சோலி பாக்காவ?"

"படிக்காவ."

"இந்த வயசுலயா? என்ன படிப்பு?"

"பரீட்சைக்கு இல்ல. கதை. சத்தமாப் படிக்காவ. அதக் கேக்குததுக்கு ஊருல ஆளு இருக்கு" என்றார் மதினி. நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையைப் பற்றி நானே யாருக்கும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கல்யாண வீடுகளுக்கு விரிப்பு வாடகைக்கு விடும் ஒரு கடையில் பழைய ஜமுக்காளங்கள் கிடைத்தன. அவற்றை ஆணியடித்துத் தொங்கவிட்டபின் அறை ஓரளவு அடங்கியது. முன்புபோல் இல்லை. ஓர் அத்தியாயம் வாசித்து, ஒன்றும் சொல்லாமல் சென்னைக்கு அனுப்பினேன்.

தயாரிப்பாளர் அழைத்தாள். "மேம், லேசா வித்தியாசம் தெரியுது. நான் சரி பண்ணிடுவேன், பிரச்சினை இல்ல. மைக் மாத்தினீங்களா?"

"இல்ல. நெல்லை வித்துட்டாங்க."

"ஓகே மேம்" என்றாள்.

மாசி முதல் வாரத்தில் நாவல் முடிந்தது. கடைசி அத்தியாயத்தை வாசித்த அன்று மதினி வந்து உட்கார்ந்தார். நாவலில் அந்த மனைவி கணவனை விட்டுப் போகவில்லை. அவன் நோயில் விழுகிறான், அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள். ஆசிரியர் அதை அழகாக எழுதியிருந்தார். நானும் கவனமாக வாசித்தேன். வாசித்து முடித்து, பதிவை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றினேன்.

மதினி எழுந்து சேலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினார்.

"இதுக்கா இம்புட்டு நாளும் இந்தப் புழுக்கத்துல கெடந்திய?"

"கதை அப்படி மதினி. நான் எழுதினதில்ல."

"நீங்க எழுதியிருந்தா எப்படி முடிப்பிய?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியல" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. வீட்டை விட்டு வந்த ஒருத்திக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எழுதுவதற்கு என்னிடம் அதிகம் இருக்கவில்லை. மூடை அடுக்குவது, மெத்தையைத் தூக்கி நிறுத்துவது, ஆணி அடிப்பது போன்ற காரியங்கள்தான் இருந்தன. அதை ஒரு நாவலின் கடைசி அத்தியாயமாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மதினி கூடத்துக்குப் போய் வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

பங்குனியில் பிசான அறுப்பு முடிந்து புது நெல் வந்தது. காலையில் லாரி நின்றதும் அண்ணாச்சி வீட்டுக்குள் வந்தார். ஜமுக்காளங்களை முதல்நாளே கழற்றி மடித்து வைத்திருந்தேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கன எங்கன அடுக்கணும்னு சொல்லிருங்க. பொறவு மாத்தச் சொன்னா இவனுவ முனங்குவானுவ."

நான் சுவரைக் காட்டினேன், உயரத்தைக் கையால் காட்டினேன், நாற்காலிக்கும் முக்காலிக்கும் விடவேண்டிய இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டேன். சுமை தூக்குகிறவர்களில் ஒருவர் கோட்டைத் தாண்டாமல் மூடையை இறக்கிவிட்டு, "இது போதுமா, இன்னும் கிட்ட நெருக்கவா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் நெருக்கச் சொன்னேன். அடுத்த புத்தகம் வந்திருந்தது, தண்ணீரைப் பற்றிய கட்டுரைகள், யாரும் அழாத புத்தகம். தூசி அடங்க ஒரு வாரம் ஆகும், அதற்குப் பிறகு தொடங்குகிறேன் என்று சென்னைக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கூடத்தைப் பெருக்க வாரியலை எடுத்தேன்.